பத்தின் அடுக்குகளும் பிட்டரின் காதும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குக் கிடைத்த அறை சரியில்லை. அதன் ஒரு சுவர் நெடுஞ்சாலையை ஒட்டி நின்றது. லாரி போனால் ஜன்னல் கம்பி அதிரும். பஸ் ஹாரன் அடித்தால் கரும்பலகையில் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு பாதியில் நிற்கும். அந்த வகுப்புக்கு வந்த ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக வேறு அறை கேட்டு நகர்ந்துவிட்டார்கள். கேட்காமலே இருந்தவர் ஒரே ஒரு டீச்சர்தான். லாரியை அடக்கிப் பேசுகிற தொண்டை அவருக்கு வாய்த்திருந்தது. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'வெண்கலம்'. வெண்கல டீச்சர் ஏழாம் வாய்ப்பாடு கேட்டால் எதிர்ச்சாரி சைக்கிள் கடைக்காரர் பதில் சொல்வார் என்று ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ஆனால் டீச்சர் லீவு போட்ட நாளில், "என்ன, இன்னைக்கு டீச்சர் வரலையா?" என்று அந்தக் கடைக்காரர் வாட்ச்மேனிடம் விசாரித்தது உண்மை.

அந்தத் தொண்டை பள்ளிக்கூடத்தில் மட்டும் பழகியதல்ல. வீட்டிலும் அதற்கு ஓயாத வேலை இருந்தது.

டீச்சரின் கணவர் துணி மில்லில் பிட்டர். தறிக்கூடத்தில் எந்தத் தறி நின்றாலும் அதை ஓடவைப்பது அவர் பொறுப்பு. மீசை முளைத்த புதிதில் உள்ளே போனவர், தலை நரைத்த பிறகும் அங்கேயேதான் இருந்தார். நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக அடிக்கிற இடத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. கையைக் காட்டியும் உதட்டைப் பார்த்தும்தான் காரியம் நடக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். வைத்தால் அரிக்கிறது என்று எடுத்துப் போட்டுவிடுவார்.

காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானது. அவர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"காது நல்லாத்தான் இருக்கு. இந்தக் காலத்து ஜனங்கதான் வாயைத் திறந்து பேசறதில்ல. எல்லாம் மென்னு முழுங்குதுங்க" என்பார்.

"ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாங்க" என்று டீச்சர் சொல்லாத மாதம் கிடையாது.

"நீ சொல்றது எனக்குக் கேக்குதா இல்லையா?"

"தெருவுக்கே கேக்குது."

"அப்புறம் என்ன? காதுக்கு மிஷின் எதுக்கு? அதான் நீ இருக்கியே."

இந்தப் பதிலைக் கேட்டால் டீச்சருக்குக் கோபம் வரும். கூடவே, வெளியே சொல்லிக்கொள்ள முடியாத ஒரு பெருமையும் வரும். அதனால் பேச்சு அதற்குமேல் போவதில்லை. விளைவு, அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று தங்கவில்லை. "பாத்ரூம் குழாயை மாத்திட்டாரா? நேத்து நாலு தடவை சொன்னியே" என்று எதிர்வீட்டு அக்கா கேட்பார். டீச்சரும் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்வார்.

தொண்டை உடைந்தது பத்தின் அடுக்குகளை நடத்தும்போது.

ஐந்தாம் வகுப்புக் கணக்கில் டீச்சருக்கு ஆகாத பாடம் அது ஒன்றுதான். பத்து என்று எழுதி, அதன் தலைக்கு மேல் வலப்பக்கமாகக் குட்டியாய் ஒரு மூன்று போட்டால், மூன்று பத்துகளை ஒன்றோடொன்று பெருக்கு என்று பொருள். பத்துப் பத்து நூறு, நூறு பத்து ஆயிரம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் பிள்ளைகள் முப்பது என்பார்கள். ஒவ்வொரு வருஷமும், எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும், எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், முப்பது. டீச்சர் "முப்பது இல்ல, ஆயிரம்!" என்று ஒரு அதட்டல் போடுவார். வகுப்பு மொத்தமும் "ஆயிரம்!" என்று திருப்பிச் சொல்லும். பரீட்சையில் பாதிப்பேர் முப்பது என்று எழுதி வைப்பார்கள்.

அந்த வருஷமும் 10³ எழுதி எவ்வளவு என்று கேட்டார். முப்பது என்று பதில் வந்தது. "முப்பது இல்ல" என்று ஆரம்பித்தவருக்கு "ஆயிரம்" வரவில்லை. வாய் அசைந்தது. உள்ளேயிருந்து வெறும் காற்று புஸ்ஸென்று வந்தது. பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். டீச்சர் மறுபடி முயன்றபோது சிரிப்பு நின்றுவிட்டது.

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார்.

"மண்வெட்டி பிடிக்கிற கையில காய்ப்பு காய்க்கும் இல்லையா? அதே மாதிரி உங்க குரல்நாண்ல ரெண்டு பக்கமும் காய்ச்சிருக்கு. மூணு வாரம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் வேண்டாம், அது இதைவிடக் கெடுதல்."

"என்ன சொல்றார்?" என்று பிட்டர் மனைவியிடம் கேட்டார். பேசக் கூடாது என்று அப்போதுதான் கேட்டிருந்த டீச்சர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் திரும்பச் சொன்னார். பிட்டர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "எத்தனை வாரம்?" என்றார். டாக்டர் விரலைக் காட்டினார்.

"சார், உங்க காதை எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

"என்னது?"

"காது! காது!"

"காது நல்லாத்தான் இருக்கு."

டாக்டர் பேனாவை மூடினார். "அம்மா, உங்க தொண்டைக்கு நான் மருந்து எழுதித் தர்றேன். பாதி வியாதி பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கு. அதுக்கும் ஏதாவது பண்ணுங்க."

டீச்சர் ஒரு வாரம் லீவு போட்டார். ஒருவருக்குக் கேட்காது, இன்னொருவர் பேசக் கூடாது. வீடு ஊமைப்படம் மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் ஒரு சிலேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அதில் 'அடுப்பை அணையுங்கள்' என்று எழுதிக் காட்டினால், பிட்டர் கண்ணாடியைத் தேடப் போவார். கண்ணாடி கிடைத்து அவர் படித்து முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பே அணைந்திருக்கும். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று அவருக்குத் தெரியாது. அழைப்பு மணி தெரியாது. இதெல்லாம் டீச்சருக்குப் புதிய செய்தியல்ல. ஆனால் இத்தனை நாள் இந்த ஓட்டைகளையெல்லாம் அவர் குரல்தான் அடைத்துக்கொண்டிருந்தது. அடைப்பை எடுத்த பிறகுதான் எத்தனை ஓட்டை என்று இருவருக்கும் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் பாத்ரூம் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. டீச்சர் உள்ளே இருந்தார். பிட்டர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு கதவும் நாலு எட்டு தூரமும்தான். டீச்சர் கதவைத் தட்டினார். தண்ணீர் மொள்ளும் மக்கால் தட்டினார். பிறகு வாளியைத் தூக்கி அடித்தார். கடைசியில் டாக்டர் பேச்சை மீறிக் கத்தியும் பார்த்தார். குரல் எழும்பவில்லை. எப்போதும் கைவசம் இருந்த ஒரு பொருளைத் தேடி, அது இல்லை என்று கண்டபோது, அவருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. ஈரத் தரையில் நின்றபடி வாளியை அடித்துக்கொண்டே இருந்தார்.

வெளிச்சம் வரும் சின்ன ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் எதிர்வீட்டு அக்காவுக்குப் போயிருக்கிறது. அவர் ஓடிவந்து, பேப்பரைப் பிடுங்கி, "அண்ணே! உள்ள அவங்க தட்டறாங்க! கேக்கலையா?" என்று கத்தினார்.

பிட்டருக்குத் தாழ்ப்பாள் ஒரு பொருட்டல்ல. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி, கண் சிமிட்டும் நேரத்தில் கதவைத் திறந்துவிட்டார். டீச்சர் நனைந்த புடவையோடு வெளியே வந்தார். கணவரை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறந்து திட்டியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். திட்ட முடியவில்லை. உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டார்.

பிட்டர் கடைக்குப் போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்தார். அதைப் பொருத்தி, எண்ணெய் விட்டு, பத்துத் தடவை போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நாலு எட்டு தூரத்துலதான் உக்காந்திருந்தேன்" என்றார்.

டீச்சர் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினார்.

"திங்கக்கிழமை அந்தக் காது டெஸ்ட்டுக்குப் போயிட்டு வந்துடலாமா?"

காது சோதிக்கும் இடத்தில் ஓர் இளம்பெண் இருந்தாள். பிட்டரை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினாள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். பிட்டர் நெடுநேரம் அசையாமல் இருந்தார். பிறகு, இவ்வளவு நேரம் சும்மா இருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியதோ என்னவோ, இஷ்டத்துக்கு இரண்டு மூன்று தடவை அமுக்கினார். அந்தப் பெண் கதவைத் திறந்து, "சார், நான் இன்னும் சத்தமே வைக்கல" என்றாள்.

முடிவில் ஒரு கட்டம் போட்ட தாளில் கோடு இழுத்துக் காட்டினாள். பிட்டரின் முகத்துக்கு நேராகத் திரும்பி, நிதானமாகவும் உரக்கவும் பேசினாள். அப்படிப் பேசினால் அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது.

"சார், உங்க ரெண்டு காதுலயும் அம்பது டெசிபெல் இறங்கியிருக்கு."

பிட்டரின் முகம் மலர்ந்தது. மனைவி பக்கம் திரும்பினார். "அம்பது! பாத்தியா? நூத்துக்கு அம்பது. பாஸ் மார்க்."

"இது மார்க் இல்ல சார், சத்தத்தை அளக்கிற கணக்கு. பத்து ஏறினா சத்தத்தோட பலம் பத்து மடங்கு. இருபது ஏறினா எத்தனை மடங்கு?"

"இருபது மடங்கு" என்றார் பிட்டர், தயங்காமல்.

"இல்ல சார். நூறு மடங்கு. முப்பது ஏறினா ஆயிரம். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு சைபர் சேத்துக்கிட்டே போகணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் நிமிர்ந்தார். ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் கேட்கிற அதே பதில், இப்போது தன் வீட்டுக்காரர் வாயிலிருந்து வருகிறது. அவர் மக்கு அல்ல. ஒரு தறியைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர். அவருக்கே ஐம்பது என்றால் பாதி என்றுதான் தோன்றுகிறது. எண் பார்ப்பதற்குச் சின்னதாக இருக்கிறது. அதற்குள் இருப்பது சின்னது அல்ல. பார்வைக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல், தெரியவில்லையே என்று இத்தனை காலம் அதட்டியிருக்கிறோம் என்று டீச்சருக்கு உறைத்தது.

அந்தப் பெண்ணின் கையிலிருந்து பேனாவை வாங்கி, தாளின் ஓரத்தில் 10⁵ என்று எழுதினார்.

"அதேதான் மேடம்" என்றாள் அவள். பிட்டரிடம் திரும்பினாள். "நல்ல காதுக்குக் கேக்கிற ரொம்ப மெல்லிசான சத்தம் ஒண்ணு இருக்கு சார். அதைவிட லட்சம் மடங்கு பலமா இருந்தாத்தான் உங்க காதுக்கு ஏதோ இருக்குன்னு தெரியும்."

"லட்சமா?"

"லட்சம்."

பிட்டர் கட்டத்தாளைத் தன் பக்கம் இழுத்தார். "தறிக்கூடத்துச் சத்தம் எத்தனை?"

"நூறு டெசிபெல் பக்கத்துல இருக்கும்."

டீச்சர் 10¹⁰ என்று எழுதினார். பிறகு அதன் கீழே ஒன்று போட்டு, பத்துப் பூஜ்யங்களை வரிசையாகப் போட்டார். பிட்டர் விரல் வைத்து எண்ணினார். ஆயிரம் கோடி. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "பஞ்சு அரிக்குதுன்னு எடுத்துப் போட்டேன் பாரு" என்றார்.

காது மிஷின் தயாராகிக் கைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் மறுபடி கேட்டார். "அந்த லட்சத்தை எனக்கு இன்னொரு தடவை சொல்லேன்." டீச்சர் ஒரு தாளை எடுத்து ஒரு புள்ளி வைத்தார். பிறகு பத்துப் புள்ளி ஒரு வரிசை. அதன் கீழ் இன்னொரு வரிசை. பத்து வரிசை முடிந்து நூறானது. அடுத்த நூறை ஆரம்பித்தபோது பிட்டர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு, இரு. லட்சம் வரைக்கும் நீ புள்ளி வெச்சேன்னா விரல்லயும் காய்ப்பு வந்துடும்."

மறுநாள் மில்லிலிருந்து வரும்போது ஒரு மரக்கட்டையும் ஒரு பொட்டலம் ஆணியும் கொண்டுவந்தார். உருண்டைத் தலை ஆணிகள். கட்டையில் கட்டம் கிழித்து, பத்துக்குப் பத்தாக நூறு ஆணியை ஒரே உயரத்துக்கு அடித்து, பின்பக்கம் ஒரு கைப்பிடி வைத்தார். மையில் தொட்டுத் தாளில் ஒரு குத்து. ஒரு மூலையில் நாலு புள்ளி விழவில்லை. அரத்தை எடுத்து ராவிச் சமமாக்கி மறுபடி குத்தினார். நூறு புள்ளியும் விழுந்தது.

"ஒரு குத்துக்கு நூறு. கொண்டுபோய் உன் பசங்ககிட்ட குடு" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அதற்குள் நிலைமை மோசமாகியிருந்தது. லீவு முடிந்து டீச்சர் வகுப்புக்குள் போன முதல் நாள், 'எனக்குத் தொண்டை சரியில்லை. பேச முடியாது. அமைதியாக இருந்து ஒத்துழைக்க வேண்டும்' என்று பலகையில் எழுதினார். ஒரு பையன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்ப வீட்டுப்பாடம் கிடையாதா டீச்சர்?" என்றான். பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் சந்தைக்கடை. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் நல்ல பிள்ளைகள். மத்தியானத்துக்குள் தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்றார்.

"உங்க வகுப்பா இது? மத்தவங்க சத்தம் எனக்குக் கேட்டதே இல்ல, உங்க குரல் மட்டும்தான் கேக்கும். இப்ப எல்லார் சத்தமும் கேக்குது." குரலைத் தணித்துக்கொண்டார். "நான் ஒண்ணும் தப்பா சொல்லல. அடுக்குக் கணக்கை மட்டும் பி செக்‌ஷன் டீச்சர் வந்து எடுக்கட்டும். நீங்க உடம்பைப் பாருங்க."

டீச்சர் சிலேட்டில் எழுதினார்: 'வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன்.'

"சரி. வெள்ளிக்கிழமை."

மறுநாள் டீச்சர் பலகையில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆணிக்கட்டையையும் ஸ்டாம்ப் பேடையும் மேஜைமேல் வைத்துவிட்டுச் சும்மா நின்றார். என்ன அது என்ற ஆசையில் வகுப்பு தானாக அடங்கியது. தாளில் ஒரு குத்துக் குத்தித் தூக்கிக் காட்டினார். பலகையில் 10² என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"இருபது!" என்றது வகுப்பு.

பழக்கத்தில் டீச்சரின் வாய் திறந்தது. மூடிக்கொண்டார். தாளை முதல் பெஞ்சுப் பெண்ணிடம் கொடுத்து எண்ணச் சொல்லிச் சைகை காட்டினார். அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் 'வக்கீல்' என்று பெயர். எதைச் சொன்னாலும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடமாட்டாள். அவள் வரிசையை எண்ணினாள், பத்து. கீழ்நோக்கி எண்ணினாள், அதுவும் பத்து.

"நூறு புள்ளி இருக்கு."

"டீச்சர் இருபதுன்னு ஒத்துக்கிட்டாங்களே" என்றான் பின்னால் ஒருவன்.

"எங்க ஒத்துக்கிட்டாங்க? சும்மாதானே நின்னாங்க?"

"தப்புன்னா கத்தியிருப்பாங்க இல்ல?"

"அவங்களாலதான் கத்த முடியாதே!"

வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. டீச்சருக்கு இது புதிதாக இருந்தது. ஒரு தப்பான விடையைத் தன் வகுப்பில் ஒரு மூச்சு நேரம்கூட அவர் உயிரோடு விட்டுவைத்ததில்லை. இப்போது அது நடுவில் நிற்கிறது, பிள்ளைகள் சுற்றி நின்று அடித்துக்கொள்கிறார்கள். டீச்சர் பலகையில் இருபது புள்ளியை வைத்துவிட்டு, பக்கத்தில் குத்திய தாளை ஒட்டினார். 'இருபது' கட்சியில் சத்தம் குறைந்தது.

"அப்ப மேல இருக்கிற ரெண்டு, எத்தனை தடவை பத்து போடணும்னு சொல்லுது. ரெண்டால பெருக்கச் சொல்லல" என்றாள் வக்கீல்.

"நான் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றான் பின்பெஞ்சுக்காரன்.

ஒரு சார்ட்டில் பத்துக் குத்து என்று கணக்கு வைத்து, வரிசையாக வந்து குத்தினார்கள். பத்து நூறு ஆயிரம், 10³. அடுத்த நாளும் குத்தினார்கள். பத்துச் சார்ட் ஒட்டியபோது பக்கச் சுவர் நிறைந்துவிட்டது. பத்தாயிரம், 10⁴. மூன்று பெற்றோர் சட்டையில் மை என்று புகார் சொல்லி வந்தார்கள். பேச முடியாதவரிடம் எவ்வளவு நேரம் சண்டை போடுவது? திரும்பிப் போய்விட்டார்கள்.

சுவர் நிறைந்த அன்று டீச்சர் பலகையில் ஒரு ஏணி வரைந்தார். அடியில் 'காதுக்குக் கேட்கும் மிக மெல்லிய சத்தம்' என்று எழுதி 1 போட்டார். மேலே 'காதோடு பேசும் ரகசியம்', 10³. அதற்கு மேலே 'சாதாரணப் பேச்சு', 10⁶. உச்சியில் 'தறிக்கூடம்', 10¹⁰. ஓரமாக, 'என் கணவர் அங்கே வேலை செய்கிறார்' என்று எழுதினார்.

"பத்துக்கும் மூணுக்கும் ஏழுதானே டீச்சர் வித்தியாசம்?" என்றான் ஒருவன்.

இந்தமுறை டீச்சர் சுவரைக் காட்டினார். இந்தச் சுவர் 10⁴. அப்படியானால் தறிக்கூடத்துக்கு எத்தனை சுவர் வேண்டும் என்று பலகையில் எழுதிக் கேட்டார். பிள்ளைகள் ஏணியில் படிப்படியாக ஏறிக் கணக்குப் போட்டார்கள். பத்துச் சுவர் சேர்ந்தால் 10⁵. நூறு சுவரானால் 10⁶. பள்ளிக்கூடத்தில் அத்தனை சுவர் இல்லை. "எங்க தெரு முழுக்க" என்றான் ஒருவன். போதாது என்றார்கள். விரல்விட்டு எண்ணிக்கொண்டே போய், ஆறு விரலில் வந்து நின்றார்கள். பத்து லட்சம் சுவர். வெளியே ஒரு லாரி போனது. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"உங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்குமா டீச்சர்?" என்று வக்கீல் கேட்டாள்.

டீச்சர் சிலேட்டை எடுத்தார். 'குறைவாக. மிஷின் வரப்போகிறது.'

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை பின்னால் வந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் பார்த்து வக்கீல் எழுந்தாள்.

"டீச்சர், மேல பூஜ்யம் போட்டா? பத்து ஒரு தடவைகூட இல்லன்னா ஒண்ணுமே இல்லதானே? ஆனா புக்குல ஒண்ணுன்னு போட்டிருக்கே."

இந்தக் கேள்வி முன்பும் வந்ததுண்டு. "அது அப்படித்தான், எழுதிக்கோ" என்பது டீச்சரின் வழக்கமான பதில். உண்மையில் அவருக்கும் அதற்குமேல் சொல்ல இருந்ததில்லை. இப்போது கொஞ்சம் யோசித்தார். சுவரிலிருந்து ஒரு சார்ட்டைக் கழற்றினார். பலகையில் 10³. கத்தரிக்கோலால் அதைப் பத்தாக வெட்டி, ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டார். நூறு புள்ளி, 10². அதையும் பத்தாக வெட்டி ஒரு வரிசையை எடுத்தார். பத்துப் புள்ளி, 10¹. மறுபடி வெட்டினார். விரல்நுனியில் நின்றது ஒரே ஒரு புள்ளி. பலகைக்குப் போய்ப் பத்தை எழுதி, சாக்பீஸை அதன் தலைக்கு மேலே பிடித்தபடி திரும்பினார்.

"பூஜ்யம்!" என்று கத்தினார்கள். "பூஜ்யம் போட்டா ஒண்ணு!"

வக்கீல் இன்னும் உட்காரவில்லை. "அந்தப் புள்ளியையும் வெட்டினா?"

டீச்சர் கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். 'பெரிய வகுப்பில்' என்று எழுதிக் காட்டினார்.

தலைமை ஆசிரியை எழுந்து போகும்போது, "பி செக்‌ஷனுக்கும் அந்தக் கட்டையைக் கொஞ்சம் குடுங்க. மை படாம பாத்துக்கச் சொல்றேன்" என்றார். வகுப்பே கற்றுக்கொண்டுவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த வாரப் பரீட்சையில் ஏழெட்டுப் பேர் முப்பது என்றுதான் எழுதியிருந்தார்கள். முன்பு பாதி வகுப்பு எழுதும்.

அந்த மூன்று வாரம் முடிந்ததும் தொண்டை டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். காய்ப்பு சுருங்கியிருந்தது, போகவில்லை. "பேசலாம். ஆனா பழைய குரல் இனி வேண்டாம். மறுபடி கத்தினீங்கன்னா ஆபரேஷன்தான்" என்றார். டீச்சருக்கு வந்த குரல் கரகரப்பாகவும் சின்னதாகவும் இருந்தது. முதலில் அதைக் கேட்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. யாரோ கடன் கொடுத்த மாதிரி இருக்கிறது என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னார். பிறகு தலைமை ஆசிரியையிடம் போய், சாலைப்பக்கம் இல்லாத அறை வேண்டும் என்று கேட்டார். பின்பக்கத்தில் பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். சாலை அறையைப் பொருட்கள் வைக்க எடுத்துக்கொண்டார்கள்.

பிட்டருக்கு மிஷின் வந்தது. முதல் நாள் அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. பேப்பரைப் புரட்டினால் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்றார். பிரிட்ஜ் ஏன் இப்படி முனகுகிறது, ரிப்பேரா என்றார். தன் செருப்புச் சத்தத்துக்கே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மத்தியானம் கழற்றி டப்பாவில் வைத்தார். சாயங்காலம் டீச்சர் வந்து அந்தச் சின்னக் குரலில் ஏதோ சொன்னபோது, உதடு அசைவது மட்டும் தெரிந்தது. எழுந்து போய் எடுத்து மாட்டிக்கொண்டார். அதன்பிறகு கழற்றுவது மில்லுக்குள் போகும்போதுதான். அங்கே அதற்குப் பதிலாகத் தலைக்கு மேலே வளைந்து இரண்டு காதையும் மூடுகிற கவசம். தறிக்கூடத்தில் மற்றவர்கள் "என்ன அண்ணே, பாட்டு கேக்கறீங்களா?" என்று சைகையில் கிண்டல் செய்தார்கள். அவர் அதை எடுக்கவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். அம்மாவிடம்தான் பேசுவாள். அப்பாவுக்கு விஷயம் அம்மா வழியாகப் போகும், அம்மா வழியாகத் திரும்பும். அந்த ஞாயிறு போன் அடித்தபோது டீச்சர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இறங்கி வந்தபோது பிட்டர் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார்.

"ம், சொல்லு. இல்ல, கேக்குது. மெதுவாவே பேசு, கேக்குது."

பிறகு, புதுச் சம்பளம் எப்படி, அறையில் கூட இருக்கிற பெண் நல்ல மாதிரியா, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். பதில்களைக் கேட்டு அவ்வப்போது சிரித்தார். டீச்சர் தன் முறை வரும் என்று கொஞ்ச நேரம் வாசற்படியில் நின்றார். வருகிற மாதிரி தெரியவில்லை. பக்கெட்டில் இன்னும் நாலு துணி மிச்சம் இருந்தது. மாடிக்குப் போனார்.